பெட்டி நம் வீட்டில், பிடி யார் கையில்?

உள்ளங்கையில் அடங்கிவிடும் பிளாஸ்டிக் பெட்டி அது. ஒரு பக்கம் இன்டர்நெட் வயர், மறுபக்கம் பழைய லேண்ட்லைன் போனின் வயர். கரண்ட் கொடுத்துச் சற்றுப் பொறுத்தால் போனில் டயல் டோன் கேட்கும். அனலாக் டெலிபோன் அடாப்டர் என்பது முழுப்பெயர்; தொழிலில் இருப்பவர்கள் ஏடிஏ என்பார்கள். குரலை எண்களாக்கி இணையத்தில் அனுப்புவது இதன் வேலை என்பது பலருக்கும் தெரியும். டயல் டோன் வருவதற்கு முன் நடப்பதைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. பெட்டி முதலில் தனக்கொரு இணைய முகவரி வாங்கிக்கொள்கிறது. பிறகு எங்கோ இருக்கும் ஒரு வெப் சர்வரைத் தேடிப்போய், நான் இன்னார், எனக்கான செட்டிங் என்ன என்று கேட்கிறது. சர்வர் ஒரு ஃபைலைத் தருகிறது. இந்த வீட்டுக்கு எந்த எண், அதற்கு எந்த பாஸ்வேர்டு, அழைப்பு எந்த நிறுவனத்தின் வழியாகப் போக வேண்டும், அவசர உதவி எண்ணை அழுத்தினால் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதெல்லாம் அந்த ஃபைலில் இருக்கிறது. அதை எழுதுகிறவர் கையில்தான் அந்த வீட்டின் தொலைபேசி இருக்கிறது. இப்படித் தொலைவிலிருந்து ஆளும் வசதி அவசியமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அது இன்று நடக்கும் விதம் வீட்டுக்காரருக்கு நியாயம் செய்யவில்லை. பெட்டியும் சர்வரும் ஒன்றையொன்று சரிபார்த்த பிறகுதான் ஃபைல் கைமாற வேண்டும். சேவை முடிகிற நாளில் பெட்டியின் பிடி வீட்டுக்காரரிடம் வர வேண்டும். இந்த இரண்டும் பல இடங்களில் இன்னும் நடக்கவில்லை.

வசதி ஏன் அவசியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு அடாப்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்தால் நூற்றுக்கணக்கான கட்டங்கள் இருக்கும். இந்தியாவில் மணி இரண்டிரண்டாக அடித்து நிற்கும். அமெரிக்காவில் ஒரே நீள மணியாக அடிக்கும். எதிரொலியை எப்படி அடக்குவது, குரலை எந்த முறையில் சுருக்குவது, எத்தனை இலக்கம் அழுத்தியதும் அழைப்பைக் கிளப்புவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. இதைப் பாட்டி ஒருவர் தானே நிரப்பிக்கொள்ள முடியாது. வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பினால் நிறுவனத்துக்குக் கட்டுபடியாகாது. வெளியிலிருந்து நேராகப் பெட்டிக்குள் நுழையவும் வழியில்லை. வீட்டு ரௌட்டருக்குப் பின்னால் இருக்கும் கருவிகள் வெளியுலகின் கண்ணுக்குத் தெரியாது, உள்ளிருந்து கிளம்பிய கேள்விக்கான பதிலை மட்டுமே ரௌட்டர் உள்ளே விடும். ஆகவே பெட்டியே வெளியே வந்து கேட்க வேண்டும் என்பது வேறு வழியில்லாமல் பிறந்த ஏற்பாடு. கரண்ட் வந்தவுடன் ஒரு முறை கேட்கும், பிறகு குறித்த இடைவெளியில் கேட்டுக்கொண்டே இருக்கும். சிப்யூரா வகை அடாப்டர்களில் இந்த இடைவெளி 3600 நொடி என்று வைக்கப்பட்டிருந்தது. மணிக்கொரு தரம் அந்தப் பெட்டி தன் எசமானின் வாசலில் போய் நின்று வருகிறது.

சிப்யூரா என்ற பெயரைச் சொன்னால் இந்தத் துறையின் பாதி வரலாற்றைச் சொன்ன மாதிரி. ஜான் ஃபேன்ட்ரியான்டோ என்ற பொறியாளர் தொடங்கிய கொமோடோ நிறுவனத்தை சிஸ்கோ 2000ஆம் ஆண்டில் வாங்கியது. அவர் அடுத்துத் தொடங்கிய சிப்யூராவையும் சிஸ்கோவே 2005இல் ஏறக்குறைய 6 கோடியே 80 லட்சம் டாலருக்கு வாங்கித் தன் லிங்க்ஸிஸ் பிரிவில் சேர்த்தது. பிறகு வந்த அவருடைய ஓபிஹாய் 2018இல் பாலிகாம் கைக்குப் போனது. அமெரிக்காவில் வோனேஜ் போன்ற நிறுவனங்கள் மாதக் கட்டணத்தில் இணையத் தொலைபேசி விற்க முடிந்தது இத்தகைய பெட்டிகளால்தான். 2009 ஆகஸ்டில் வோனேஜ் கொண்டுவந்த திட்டத்தில் இந்தியா உள்ளிட்ட அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஒரே மாதக் கட்டணத்தில் பேசலாம் என்றானது. நிமிடக் கணக்குப் பார்த்து ஊருக்குப் பேசிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அது பெரிய விடுதலை. லட்சக்கணக்கான பெட்டிகளைக் கடையில் விற்று, வாங்கியவர் செருகியதும் வேலை செய்ய வைக்க முடிந்ததற்குக் காரணம் தொலைவிலிருந்து ஃபைல் அனுப்பும் இந்த முறை.

அந்த முறையின் தொடக்கம் பாதுகாப்பை நினைத்து அமைந்ததல்ல. இணையத் தொலைபேசிகள் முதலில் ஃபைல் வாங்கப் பயன்படுத்தியது டிஎஃப்டிபி என்ற நெறிமுறை. அதன் வரையறை 1981இல் வெளியானது. ஹார்டு டிஸ்க் இல்லாத கணினிகளைக் கிளப்பிவிடப் பயன்பட்ட எளிய ஏற்பாடு அது. பயனர் பெயர் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. ஃபைலின் பெயர் தெரிந்தால் போதும், கேட்டவருக்குக் கொடுத்துவிடும். பிறகு வெப் சர்வர்கள் அந்த இடத்தைப் பிடித்தன. ஆனால் பழைய பழக்கம் கூடவே வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் தொழிற்சாலையில் பன்னிரண்டு இலக்க மேக் முகவரி ஒன்று கொடுக்கப்படுகிறது. அந்த இலக்கங்களையே ஃபைலின் பெயராக வைப்பது இத்துறை முழுவதும் பரவிய வழக்கம். முதல் ஆறு இலக்கம் தயாரிப்பாளரைக் குறிக்கும். அது ஊரறிந்த பட்டியலில் இருக்கிறது. மிச்சம் ஆறு இலக்கத்தில், ஒவ்வொன்றும் பதினாறு குறிகளில் ஒன்றாக இருக்கலாம் என்பதால், ஆகக்கூடிய பெயர்கள் 1,67,77,216. ஒரு தெருவில் ஒரு கதவு எண் தெரிந்தவருக்கு அடுத்த கதவு எண் தெரியாமல் இருக்குமா? நொடிக்கு நூறு பெயர் வீதம் ஒரு நிரல் கேட்டுக்கொண்டே போனால் இரண்டு நாளுக்குள் அத்தனையையும் கேட்டு முடித்துவிடும். கேட்பவர் யார் என்று பார்க்காத சர்வர், இருக்கிற ஃபைலையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிடும். உள்ளே எண்ணும் பாஸ்வேர்டும் வெறும் எழுத்தாக இருந்தால் கதை முடிந்தது.

என் வீட்டு போனைத் திருடி யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் திருடுகிறவர் வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை. அவருடைய நிரல் கிடைத்த கணக்கையெல்லாம் எடுத்துக்கொள்கிறது. உலகின் சில மூலைகளில் ஒரு நிமிடம் பேசப் பெருந்தொகை பிடிக்கும் எண்கள் உண்டு. அழைப்புக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த எண்ணை வாடகைக்கு எடுத்தவருக்குப் போகும். திருடிய கணக்கிலிருந்து தன் சொந்த எண்ணுக்கே அழைப்புகளைக் கிளப்பிவிட்டுப் பங்கு வாங்கிக்கொள்வது இந்த மோசடியின் சூத்திரம். வீட்டில் இருக்கும் அடாப்டரை அவர் தொடக்கூட வேண்டியதில்லை. பாஸ்வேர்டு கையில் இருந்தால் வேறொரு நாட்டிலிருந்தே அந்த எண்ணாக மாறிப் பேசலாம். வார இறுதியின் இரவுகளில், யாரும் கணக்கைக் கவனிக்காத நேரத்தில் நடத்திவிட்டுப் போய்விடுவார்கள். மாதக் கடைசியில் பில் வரும். அதை வாடிக்கையாளர் கட்டுவதா, நிறுவனம் கட்டுவதா என்ற சண்டை அதன் பிறகுதான் தொடங்கும்.

இதற்கு மருந்து கண்டுபிடிக்கப்படாமல் இல்லை. வங்கித் தளங்களில் பார்க்கும் பூட்டுக்குறியின் பின்னால் இருக்கும் எச்டிடிபிஎஸ் முறை, சர்வர் உண்மையானதா என்பதைச் சான்றிதழால் சோதிக்கிறது. போக்குவரத்தையும் மறையாக்கம் செய்கிறது. ஆனால் வங்கித் தளத்தில் நாம் யார் என்பதைப் பாஸ்வேர்டு மூலம் சொல்கிறோம். தனியாகக் கிடக்கும் பெட்டிக்கு யார் பாஸ்வேர்டு அடிப்பது? ஆகவே பெட்டிக்குள்ளும் ஒரு சான்றிதழ் இருக்க வேண்டும். சர்வரைப் பெட்டி சோதிக்கட்டும், பெட்டியைச் சர்வர் சோதிக்கட்டும். மலிவு விலைப் பெட்டிக்கு இவ்வளவு கணக்குப் போடும் திறன் ஏது என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் மறுப்பு. இதை ஏற்க முடியாது. சிப்யூரா வழியில் வந்த லிங்க்ஸிஸ் அடாப்டர்கள் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய சிப்பை வைத்துக்கொண்டே இதைச் செய்தன. பெட்டிக்குப் பெட்டி தனிச் சான்றிதழ் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டது; ஃபைலை 256 பிட் சாவியால் மறையாக்கம் செய்தும் அனுப்பலாம். வசதி இருந்தது. அதைப் பயன்படுத்த நிறுவனங்கள் சற்று மெனக்கெட வேண்டியிருந்தது, பல இடங்களில் அந்த மெனக்கெடல் நடக்கவில்லை. வெறும் எச்டிடிபியில் ஃபைலை வைத்துவிட்டால் பெட்டி வேலை செய்துவிடுகிறதே, அதற்கு மேல் ஏன் என்ற மனநிலைதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய காலத்துத் தவறு, இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2019இல் 25 தயாரிப்பாளர்களின் 33 இணையத் தொலைபேசிக் கருவிகளைச் சோதித்து, 40 பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டதாக அறிவித்தார்கள். செட்டிங் மாற்றுவதற்காகக் கருவிக்குள்ளேயே வைத்திருக்கும் வெப் பக்கத்தின் வழியாகத்தான் அவர்கள் தேடினார்கள். 2023 ஆகஸ்டில் மோரிட்ஸ் ஆப்ரெல் என்ற ஆய்வாளர், ஆடியோகோட்ஸ் நிறுவனத்தின் போன்களும் ஜூம் நிறுவனத்தின் தானியங்கி அமைப்புச் சேவையும் சேரும் இடத்தில் இருந்த பலவீனங்களை அமெரிக்காவில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில் விளக்கினார். கேட்பது உண்மையான கருவிதானா என்று அந்தச் சேவை போதிய அளவு சோதிக்கவில்லை. ஃபைலைப் பூட்டும் சாவியோ எல்லாக் கருவிக்கும் பொதுவாக மென்பொருளுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. 1981இல் வந்த எளிய நெறிமுறையில் இருந்த அதே குறை, 2023இல் மேகக் கணினியின் பளபளப்போடு நின்றது.

இவ்வளவு ஆபத்து என்றால் தொலைவிலிருந்து கைவைக்கும் ஏற்பாட்டையே மூடிவிடலாமே? இந்த வாதத்துக்கு ஜெர்மனியின் அனுபவம் பதில் சொல்கிறது. அங்கே வீடுகளில் பரவலாக இருக்கும் ஃபிரிட்ஸ்பாக்ஸ் என்ற ரௌட்டரில் தொலைபேசி அடாப்டரும் சேர்ந்தே இருக்கிறது. 2014 தொடக்கத்தில் அதன் தொலைதூர நுழைவுப் பகுதியில் இருந்த ஓட்டையின் வழியாகப் புகுந்தவர்கள், வெளிநாட்டின் விலையுயர்ந்த எண்களுக்கு அழைப்புகளை ஓட்டினார்கள். தயாரிப்பாளரான ஏவிஎம் சில நாட்களிலேயே திருத்திய மென்பொருளை வெளியிட்டது. வெளியிட்டால் போதுமா? வீட்டுக்கு வீடு அது போய்ச் சேர வேண்டும். வாடிக்கையாளர் தானே தேடிப்போய்ப் பதிக்க வேண்டும் என்றால் பெரும்பாலோர் பதிக்க மாட்டார்கள். அந்த அறிவிப்பு அவர்கள் கண்ணிலேயே பட்டிருக்காது. ஓட்டையை அடைக்கவும் அதே தொலைதூர வழிதான் வேண்டியிருக்கிறது.

2016 நவம்பர் 27 அன்று நடந்தது இன்னும் பெரியது. அதே ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் சுமார் 9 லட்சம் பேருக்கு இணையமும் தொலைபேசியும் தொலைக்காட்சியும் தடைப்பட்டன. ரௌட்டர்களையும் அடாப்டர்களையும் நிறுவனங்கள் நிர்வகிக்க 2004இல் வகுக்கப்பட்ட டிஆர்-069 என்ற நெறிமுறை உண்டு. அதற்காகத் திறந்திருக்கும் 7547ஆம் எண் வாசலை மிராய் என்ற தீநிரலின் ஒரு வகை உலகெங்கும் தட்டிக்கொண்டு வந்தது. அது தேடியது வேறு தயாரிப்பு ரௌட்டர்களை. டெலிகாமின் கருவிகளுக்குள் அதனால் புக முடியவில்லை. ஆனால் தட்டல் தாங்காமலே அவை நிலைகுலைந்தன. நிறுவனம் திருத்திய மென்பொருளைத் தயாரித்தது. கருவியை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள், அதுவே புதிய மென்பொருளை எடுத்துக்கொள்ளும் என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னது. நோய் வந்த வாசலும் மருந்து வந்த ஏற்பாடும் ஒன்றுதான். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, வாசலை வைத்தவர் அதை யாருக்குத் திறப்பது என்பதையும் பார்த்திருக்க வேண்டும் என்பதே. நிறுவனத்தின் சொந்த சர்வரைத் தவிர வேறு யாருக்கும் அந்த வாசல் வெளியுலகில் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

இனி இரண்டாவது கோரிக்கைக்கு வருகிறேன். என் மனத்தில் இதுவே கனமானது. சிஸ்கோவின் எஸ்பிஏ112 என்ற அடாப்டர் சிப்யூராவின் வழித்தோன்றல். இரண்டு போன்களை இணைக்கலாம், உலகெங்கும் சிறு அலுவலகங்களில் பரவலாக இருந்தது. 2023 மே மாதம் சிஸ்கோ ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இந்தப் பெட்டியின் வெப் பக்கத்தில் மென்பொருளை மாற்றும் பகுதி, மாற்றுகிறவர் யார் என்று கேட்பதே இல்லை. யார் வேண்டுமானாலும் தங்கள் மென்பொருளை ஏற்றி முழுக் கட்டுப்பாட்டையும் எடுத்துக்கொள்ளலாம். ஆபத்தின் அளவு பத்துக்கு 9.8. திருத்தம் வருமா என்றால், வராது. பெட்டியின் ஆதரவுக்காலம் முடிந்துவிட்டது, அடுத்த மாடலுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்பதோடு முடித்துக்கொண்டார்கள். எந்த நிறுவனமும் ஒரு பொருளை என்றென்றைக்கும் பராமரிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எத்தனை ஆண்டு பராமரிப்பு என்பது வாங்கும்போதே பெட்டியின் மேல் அச்சிட்டிருக்க வேண்டும் அல்லவா? ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய இணையப் பாதுகாப்புச் சட்டம் இதைத்தான் கேட்கிறது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்பது சட்டப்படி தடை.

பராமரிப்பைக் கைவிடுவதற்கு நேரெதிராக, பிடியை விடாமல் வைத்திருப்பதும் நடந்தது. வோனேஜுக்காகவே விற்ற லிங்க்ஸிஸ் பிஏபி2 அடாப்டர்கள், வேறு எந்தச் சேவைக்கும் திருப்ப முடியாதபடி பூட்டப்பட்டிருந்தன. பூட்டில்லாத அதே பெட்டி பிஏபி2-என்ஏ என்ற பெயரில் தனியாக விற்றது. சந்தாவை நிறுத்தியவரின் வீட்டில் பூட்டிய பெட்டி எதற்கும் உதவாமல் கிடந்தது. அட்மின் பாஸ்வேர்டு சர்வரிலிருந்து வந்தது, வீட்டுக்காரருக்குத் தெரியாது. நிறுவனத்தின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. பெட்டியை அடக்க விலைக்கும் குறைவாகவோ இலவசமாகவோ கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை மாதக் கட்டணத்தில் எடுப்பதாகத்தான் அவர்கள் கணக்கு. வாடிக்கையாளர் மறுநாளே போட்டி நிறுவனத்துக்குப் போனால் நஷ்டம். சரி, ஒப்பந்தக் காலம் வரை பூட்டு இருக்கட்டும். அந்தக் காலம் முடிந்த பிறகும் பூட்டு ஏன் என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் பதில் இல்லை.

நிறுவனங்கள் சொல்லும் இன்னொரு மறுப்பு, வீட்டுக்காரர் கையில் கொடுத்தால் செட்டிங்கைக் கெடுத்துக்கொண்டு எங்களுக்கே போன் செய்வார்கள், நெட்வொர்க்கும் கெடும் என்பது. ஜெர்மனி இதைச் சட்டமாகவே சோதித்துப் பார்த்துவிட்டது. 2016 ஆகஸ்ட் 1 முதல் அங்கே வாடிக்கையாளர் தனக்கு வேண்டிய ரௌட்டரையோ அடாப்டரையோ வைத்துக்கொள்ளலாம். இணையத்துக்கும் தொலைபேசிக்கும் தேவையான கணக்கு விவரங்களைக் கேட்காமலே, கட்டணமின்றி நிறுவனம் கொடுத்தாக வேண்டும். நெட்வொர்க் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சட்டம் வந்து நான்கு மாதத்துக்குள் நடந்த நவம்பர் தாக்குதலில் வீழ்ந்தவை டெலிகாம் தன் பெயரிலேயே கொடுத்த ஸ்பீட்போர்ட் ரௌட்டர்கள்தான். வாடிக்கையாளர்கள் இஷ்டப்படி வாங்கிவைத்த கருவிகள் அல்ல. அங்கும் பெரும்பாலோர் எதையும் தொடாமல், நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். அதில் தவறில்லை. தொட நினைப்பவருக்கு வழி இருக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

இதெல்லாம் சில ஆர்வலர்களின் கவலை என்று ஒதுக்கிவைக்கும் காலம் போய்விட்டது. பிரிட்டன் தன் செம்புக்கம்பித் தொலைபேசிச் சேவையை 2027 ஜனவரிக்குள் முற்றாக மூடப்போகிறது. முதலில் 2025 டிசம்பர் என்று வைத்திருந்த கெடு தள்ளிப்போனதற்கு, தனியே வசிக்கும் முதியவர்கள் கழுத்தில் அணியும் அவசர அழைப்புக் கருவிகள் முக்கியக் காரணம். அவை லேண்ட்லைனை நம்பியவை. புதிய இணைப்புக்கு மாற்றியபோது அவற்றில் சில வேலை செய்யாமல் போனதை அடுத்து, இத்தகையோரைக் கட்டாயப்படுத்தி மாற்றுவதில்லை என்று நிறுவனங்கள் 2023 டிசம்பரில் அரசிடம் உறுதி கொடுத்தன. பழைய லேண்ட்லைனுக்குக் கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. அதில் மாற்றுவதற்குச் செட்டிங் எதுவும் இல்லை. இப்போது ஒரு சர்வரில் இருக்கும் ஃபைலில் ஒரு வரி தவறாகப் போனால், படுக்கையிலிருந்து விழுந்தவரின் அழைப்பு யாரையும் சென்றடையாமல் போகலாம். அடாப்டர் என்பது அங்கே உயிர் காக்கும் கருவியின் ஒரு பகுதியாகிவிட்டது.

தமிழ்நாட்டிலும் பழைய லேண்ட்லைன் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு ஃபைபருக்கு மாறிய வீடுகள் ஏராளம். சுவரில் மாட்டியிருக்கும் ஃபைபர் பெட்டியின் பின்னால் டெல் என்றோ போன் என்றோ எழுதியிருக்கும் சிறிய துளைதான் இங்கே அடாப்டர். தனிப் பெட்டியாக இல்லாததால் அது இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. அதன் எண்ணும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருகின்றன, இல்லாவிட்டால் லைன்மேன் வந்து ஏற்றிவிட்டுப் போகிறார். அட்மின் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும், சந்தாதாரருக்குத் தெரியாது. பல பெட்டிகளில் தொழிற்சாலை வைத்த பாஸ்வேர்டே மாறாமல் இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் இதில் மூன்று விஷயங்களைக் கட்டாயமாக்கினால் இங்குள்ள நிலைமை பெரிதும் மாறும். பெட்டிக்குப் பெட்டி வேறு அட்மின் பாஸ்வேர்டு வேண்டும், அது சந்தாதாரர் கேட்டால் கிடைக்க வேண்டும். நிர்வாக வாசல் நிறுவனத்தின் சர்வருக்கு மட்டுமே திறக்க வேண்டும், இரு பக்கமும் சான்றிதழோடு. சொந்தக் காசில் பெட்டி வாங்கியவர் இணைப்பை முறித்துக்கொள்ளும் நாளில், அதிலிருக்கும் பழைய கணக்கை அழித்துப் பூட்டைத் திறந்து, வேறு நிறுவனத்தோடு சேரும் நிலையில் அவரிடம் எழுத்து மூலமான உறுதியோடு ஒப்படைக்க வேண்டும்.